அருகில் இருப்பவருக்கு முதலில் செய்வது அநீதியா?

1982 பிப்ரவரியில் நடந்த அயர்லாந்துப் பொதுத்தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. டாயில் எனப்படும் கீழவையின் 166 இடங்களில் சார்ல்ஸ் ஹாஹியின் ஃபியனா ஃபாயில் கட்சி 81 இடங்களை வென்றிருந்தது. டப்ளின் மத்தியத் தொகுதியிலிருந்து முதன்முறையாக அவைக்கு வந்திருந்த டோனி கிரெகரி 34 வயதுப் பள்ளி ஆசிரியர், சுயேச்சை. ஹாஹியும் அவரைத் தேடி வந்தார். பதவியில் இருந்த பிரதமர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டும் தேடி வந்தார். கிரெகரி ஹாஹியிடம் எழுத்தில் ஓர் உடன்படிக்கை பெற்றுக்கொண்டார். அவருடைய தொகுதியில் 440 புதிய வீடுகள், டப்ளினின் மற்றப் பகுதிகளில் மேலும் 1,600 வீடுகள், உள்நகரத்தில் 500 பேருக்கு வேலை, துறைமுகத்தை ஒட்டிய 27 ஏக்கர் நிலத்தை அரசே எடுத்துக்கொள்வது, மூடப்பட்ட கிளொண்டால்கின் காகித ஆலையை நாட்டுடைமையாக்குவது என்று நீண்டது அது. செலவு 10 கோடி பவுண்டைத் தொடும் என்று அப்போது பேசப்பட்டது. மார்ச் 9 அன்று 86க்கு 79 என்ற வாக்குகளில் ஹாஹி பிரதமரானார். தன் ஆதரவுக்கு ஈடாகப் பெற்றதை எல்லாம் கிரெகரி அன்றே அவையில் எழுந்து சொன்னார்.

கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நாட்டின் பொதுப்பணத்தை ஒரே ஒரு உறுப்பினர் தன் பேட்டைக்குத் திருப்பிக்கொண்டார் என்ற கோபம் அன்று எழுந்தது. இன்றும் அது முழுக்க ஓயவில்லை. அந்தக் கோபத்துக்குப் பின்னால் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. நம் அருகில் இருப்பவருக்கு, தூரத்தில் இருப்பவரைவிடக் கூடுதலாகச் செய்ய நமக்கு உரிமை உண்டா? 1793இல் வில்லியம் காட்வின் இதற்கு ஈவிரக்கம் இல்லாத பதிலைச் சொன்னார். தீப்பிடித்த மாளிகையில் பேராயர் ஃபெனெலோனும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் சிக்கியிருந்து ஒருவரைத்தான் காப்பாற்ற முடியுமென்றால், உலகுக்கு அதிகம் பயன்படும் பேராயரையே காப்பாற்ற வேண்டும். அந்தப் பணிப்பெண் நம்மைப் பெற்றவளாக இருந்தாலும் சரி. இதைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். தாயை நெருப்பில் விடச் சொல்லும் நீதி யாருக்கு வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தனிமனிதனுக்கு நாம் கொடுக்கும் இந்தச் சலுகையை மக்கள் பிரதிநிதிக்குக் கொடுக்க நாம் தயாராக இல்லை. அவர் கையில் இருப்பது சொந்தப் பணமோ சொந்த உயிரோ அல்லவே.

இந்த மறுப்பை மிக வலுவாகச் சொன்னவர் லிஃபி ஆற்றின் கரையில், அதே டப்ளினில் பிறந்த எட்மண்ட் பர்க். 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்கள் முன் பேசியபோது, நாடாளுமன்றம் வெவ்வேறு நலன்களின் தூதர்கள் கூடிப் பேரம்பேசும் இடமன்று, முழு நாட்டின் நன்மையை ஆராயும் ஒரே சபை என்று அவர் வாதிட்டார். சொன்னபடி நடக்கவும் செய்தார். அயர்லாந்தின் வணிகத் தடைகளைத் தளர்த்துவதை பிரிஸ்டல் வணிகர்கள் எதிர்த்தபோது அவர்களுக்கு எதிராக நின்றார். 1780இல் அந்தத் தொகுதியை இழந்தார். பர்க்கை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய வாதத்தின் அடியில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது: நாட்டின் எல்லாப் பகுதிகளின் குரலும் அந்தச் சபையின் காதில் விழுகிறது, பிறகுதான் அது எடைபோட்டு முடிவெடுக்கிறது. பிரிஸ்டல் வணிகர்களின் குரல் விழாமல் போனதே இல்லை. டப்ளின் உள்நகரத்தின் குரல் விழுந்ததா?

அந்தத் தெருக்களின் கதை இதற்குப் பதில் சொல்லும். கப்பல் சரக்கு கொள்கலன்களுக்கு மாறியதும் தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேலை இழந்தன. கிரெகரியின் தந்தையே துறைமுகத் தொழிலாளி. பழைய குடியிருப்புகளை இடித்து, மக்களைப் புறநகருக்கு அனுப்பி, காலி இடங்களை அப்படியே போட்டுவைத்தார்கள். 1979, 1980 வாக்கில் ஹெராயின் வந்து இறங்கியது. வட உள்நகரத்தின் ஒரு பகுதியில் நடத்தப்பட்டு 1983இல் வெளியான ஆய்வு, 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் பத்தில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் ஹெராயின் எடுத்திருந்ததைக் கண்டது. இவை எதையும் ஓர் அமைச்சர் அந்த மக்கள்மேல் கொண்ட வெறுப்பால் செய்யவில்லை. எல்லாருக்கும் பொதுவான கொள்கைகள், எல்லாருக்கும் பொதுவான வரவுசெலவுத் திட்டங்கள், அவற்றின் வழியாகவே இந்த நிலை வந்தது. யாரையும் தனியாகப் பார்க்காத பார்வை, தனியாகப் பார்க்க வேண்டியவர்களையும் பார்க்காமல் போயிற்று.

அருகில் இருப்பதால் வரும் பாசத்தைக் கண்ணை மறைக்கும் ஒன்றாகவே பேசுவது தத்துவத்தில் வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எந்தப் படிக்கட்டில் யார் போதைப்பொருள் விற்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டது என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். போதை வணிகர்களின் பெயர்களை கிரெகரி டாயிலிலேயே சொன்னார். அவர்கள் சேர்த்த சொத்தைப் பறிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாடு விழித்தது. குற்றச் சொத்துப் பணியகம் அந்த ஆண்டே அமைந்தது. பேட்டைக்காரரின் அறிவு நாட்டின் சட்டமாகப் பல ஆண்டுகள் பிடித்தன. நீதிபதிக்கு வழக்கை எடைபோடும் நடுநிலை வேண்டும். ஆனால் வழக்கை அவர் முன் கொண்டுவருபவர் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

சரி, லிமெரிக்கின் ஏழைகள்? கார்க்கின் ஏழைகள்? அவர்களுடைய உறுப்பினர்களின் வாக்கு தராசின் முள்ளில் போய் நிற்கவில்லை என்பதற்காக அவர்கள் வீடில்லாமல் இருக்க வேண்டுமா? இதுதான் உண்மையிலேயே கடினமான மறுப்பு. கிளொண்டால்கின் ஆலையும் அந்த 1,600 வீடுகளும் கிரெகரியின் தொகுதிக்கு வெளியே இருந்தன என்பது ஓரளவுக்கே பதில். தேவை கூடியவருக்கு முன்னுரிமை தருவதே நியாயம் என்று 1968இல் மெடெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் தொடங்கிவைத்த இறையியல் மரபு சொல்லும். ஆனால் அந்த மரபும் ஒரு பேட்டை ஏழையை இன்னொரு பேட்டை ஏழைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. கிரெகரிக்குக் கிடைத்த வாய்ப்பு தற்செயல்தான். ஆனால் தற்செயலாகக் கிடைத்த பலத்தைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் லிமெரிக்குக்கு ஒரு செங்கல்லும் கூடுதலாகப் போயிருக்காது. எல்லாருக்கும் கிடைக்காத ஒன்று யாருக்கும் வேண்டாம் என்பதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் எந்தப் பேரமும் சரியா? இல்லை. எல்லை எங்கே என்பதை கான்ட் காட்டியிருக்கிறார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொன்னால் அந்தச் செயலே நடக்காது என்றால், அது அநீதியானது என்றார் அவர், 1795இல். கிரெகரி தன் உடன்படிக்கையை நாடு முழுதும் கேட்க அறிவித்தார். யாரும் எதிர்த்து வாதிடலாம், கணக்குக் கேட்கலாம், லிமெரிக்காரர் எனக்கும் கொடு என்று கேட்கலாம். 1997லும் 2007லும் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் சுயேச்சைகளோடு செய்துகொண்ட ஏற்பாடுகளோ வெளியிடப்படவில்லை. இரண்டும் தொகுதிக்காகச் செய்யப்பட்ட பேரங்கள்தாம். ஆனால் ஒன்றில் மற்றக் குடிமக்கள் விவாதத்துக்குள் இருக்கிறார்கள், மற்றொன்றில் வெளியே தள்ளப்படுகிறார்கள். தனக்கென கிரெகரி பதவி எதையும் பெறவில்லை. தெரு வியாபாரிகளுக்காகப் போராடி 1986இல் மவுண்ட்ஜாய் சிறையில் இரண்டு வாரம் இருந்தார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஹாஹியின் நேர்மைமேல் ஐயம் அன்றே வெளிப்படையாகப் பேசப்பட்டது. அந்த ஆட்சியில் இரண்டு பத்திரிகையாளர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது மறு ஆண்டு அம்பலமானது. அதை கிரெகரி முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. ஆனால் யாரை நாற்காலியில் அமர்த்துகிறோம் என்ற கேள்வியும் அவர் முன் இருந்தது. வீடுகளின் எண்ணிக்கையைக்கொண்டு மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் பர்க் சொன்னதற்கு இன்னும் கனம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உடன்படிக்கையில் பெரும்பகுதி நிறைவேறவில்லை. நவம்பரில் ஆட்சியே கவிழ்ந்தது. அதையே காட்டி, பேட்டைப் பாசம் இறுதியில் எதையும் சாதிக்காது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் அந்தத் துறைமுக நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே எழுந்தது சர்வதேச நிதிச் சேவை மையம். உலக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அங்கே வர, அவற்றின் லாபத்துக்கு 10 விழுக்காடு மட்டுமே வரி என்று 1987இல் அரசு சலுகை தந்தது. அதுவும் ஒரு சிலருக்குத் தரப்பட்ட தனிக் கவனிப்புதான்; அதற்கு மட்டும் தேசிய நலன் என்ற பெயர் எளிதாகக் கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் வேலையில்லாமல் நின்ற துறைமுகத் தொழிலாளியின் மகனுக்காகக் கேட்டவரிடம்தான் நடுநிலை எங்கே என்று கேட்டார்கள்.