வெல்லாத வழக்கும் அறமும்

நீதி என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் முதலில் எழுவது மனுநீதிச் சோழன் கதையே. ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரு பசு. குற்றம் இழைத்தவன் அரசன் மைந்தன். இக்கதையைக் கேட்போர் வழக்கமாக வியப்பது அரசனின் கண்டிப்பை ஆகும். எனினும், கதையின் ஆழ்ந்த சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. குற்றஞ்சாட்டப்பட்டவன் செங்கோல் ஏந்தியவனின் வீட்டைச் சேர்ந்தவன். தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியதும் அதே செங்கோல்தான். அரசன் மனுநீதியாக இல்லாதவிடத்து அம்மணியினால் விளையும் பயன் யாது?

மனித உரிமைகளைச் சட்டத்தின் வழியாகக் காக்க முற்படுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா இதுவே. களவையும் கொலையையும் தண்டிப்பது அரசின் கடமை. அரசின் ஊழியரே அக்குற்றங்களை இழைத்ததாகக் கூறப்படும்பொழுது, அவ்வரசு நிறுவிய மன்றத்தின் முன்னேயே முறையிட வேண்டியுள்ளது. தோல்வி ஏறத்தாழ உறுதி என்று அறிந்தும் வழக்குத் தொடுத்தல் அறமா, அன்றி வீண் முயற்சியா? தீவக மக்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

1985 மே 15ஆம் நாள் காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகளுள் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெண்களும் கைக்குழந்தையும் அவர்களுள் அடங்குவர். தாக்கியோர் கடற்படையினர் என உயிர் தப்பியோர் கூறினர். அரசு அதனை மறுத்தது. இன்றுவரை எவரும் அக்கொலைகளுக்காகக் குற்றவாளியெனத் தீர்க்கப்படவில்லை. 1990 ஆகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் இளைஞர் பலர் காணாமல் ஆக்கப்பட்டனர். 2006 மே 13ஆம் நாள் அல்லைப்பிட்டியிலும் ஊர்காவற்றுறைப் பகுதியின் பிறவிடங்களிலும் 13 பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் காணாமற் போனார்.

இம்மக்கள் ஏன் நீதிமன்றத்தை நாடவில்லை என்று தொலைவிலிருப்போர் வினவுதல் எளிது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என விதிக்கிறது. அம்மன்றம் இருப்பது கொழும்பில். நெடுந்தீவார் கொழும்பு செல்ல முதலிற் கடலைக் கடக்க வேண்டும். குமுதினியில் இருந்தோர் கொல்லப்பட்டதும் அக்கடலிலேதான். மேலும், உயிர்வாழும் உரிமை அவ்வரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அது உட்பொருளாக அடங்கியுள்ளதென உயர் நீதிமன்றம் ஏற்றது 2003இல், சிறியாணி சில்வா வழக்கிலேதான். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துள் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் மனுவுக்குரிய காலக்கெடுவிற் சேராது என்னும் விதியும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே வந்தது. ஆகவே, 1985இல் ஒரு தீவகத் தாய்க்குச் சட்டத்தின் கதவு பெயரளவில் மட்டுமே திறந்திருந்தது எனலாம்.

கதவைத் திறந்து உட்புகுந்தோரின் கதியும் நம்பிக்கை ஊட்டுவதாயில்லை. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றிய செ. கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி பெறாமையால் 1962இல் தமது சம்பள ஏற்றத்தை இழந்தார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் செல்லாதென வாதிட்டு அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்காட முடியாதெனக் கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காட முடியும் எனக் கண்டு, மொழிச் சட்டம் பற்றிய மூல வினாவைத் தீர்க்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது. அவ்வினா ஒருபோதும் தீர்க்கப்படவில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது.

சர்வதேச மன்றத்தை நாடியவரின் அனுபவம் இன்னும் கசப்பானது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையை எதிரியின் தலையில் ஏற்றுதல் நீதியான விசாரணைக்கு முரணானது என, 2004 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு கண்டது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. தனியாள் முறைப்பாட்டுக்கு இடமளிக்கும் அதன் துணை உடன்படிக்கையில் 1997இல் இணைந்தது. ஆயினும், அவ்விரண்டாவது இணைவு அரசியலமைப்புக்கு முரணானது, நாட்டினுள் சட்ட வலுவற்றது என 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. உலக மேடையில் இட்ட கையொப்பம் உள்நாட்டில் வெறும் மையாயிற்று.

இவற்றை நோக்கி ஒரு சாரார் கூறுவதாவது: வெல்ல முடியாத மன்றத்தில் வழக்காடுதல், அம்மன்றத்துக்கு அது பெறத்தகாத மதிப்பை அளிக்கிறது, துயருற்றோரின் காலத்தையும் பொருளையும் கண்ணீரையும் விழுங்கி, இறுதியில் நீதி விசாரிக்கப்பட்டது என்னும் தோற்றத்தை மட்டும் அரசுக்கு ஈட்டித் தருகிறது. இக்கூற்றை இலகுவிற் புறந்தள்ளல் ஆகாது. சிறையிலிருந்தவர் சிறையிலேயே இருந்தார்; குழுவின் கருத்து அவர் கதவைத் திறக்கவில்லை.

எனினும், இவ்வாதம் நீதிமன்றத்தின் பணியைத் தண்டனையோடு மட்டும் ஒட்டிப் பார்க்கிறது. வழக்கொன்று தொடுக்கப்பட்டவுடன் அரசு பதிலளிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. மேடையில் மௌனம் சாதிக்கும் அரசு, மன்றத்தில் ஆம் என்றோ இல்லையென்றோ கூற வேண்டும். அவ்விடை பதிவாகிறது, பதிவானது எளிதில் அழிவதில்லை. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கிலே 1998 ஜூலையில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக மன்றத்திற் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்களே வெளிவந்தன. பலர் அக்கதை முடிந்ததென்றே எண்ணினர். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானப் பகுதியில், நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வுகளில் 200இற்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. அவை எவருடையவை, எவ்வாறு இறந்தனர் என்பன விசாரணைக்கு உரியன. ஆனால், 27 ஆண்டுகளின் பின் மண் பேசத் தொடங்கியபொழுது, அதற்கு முன்னரே மன்றத்திற் பதிவான ஒரு சொல் அதன் அருகே நின்றது.

இதே உண்மையை உலக அரங்கிலும் காணலாம். ஹொண்டுராஸ் நாட்டிலே 1981இல் மன்பிரேதோ வெலாஸ்குவெஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் காணாமல் ஆக்கப்பட்டார். 1988இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் அந்நாட்டு அரசைப் பொறுப்பாளியாகக் கண்டது. காணாமற் போனவரின் கதி தெரியாதிருக்கும்வரை விசாரிக்கும் கடமை தொடரும் என அது வகுத்தது. மாணவர் மீளவில்லை. ஆயினும், உடல் கிடைக்கவில்லை என்பதே குற்றவாளிக்குக் காப்பாக இருந்த நிலை அத்தீர்ப்பினால் ஆட்டங்கண்டது. பிற நாட்டுத் தாய்மாரும் அதனை எடுத்துக் காட்டலாயினர்.

ஆதலின், வெல்லாத வழக்கைத் தொடுப்பவர் மன்றத்துக்கு மதிப்பளிக்கிறார் என்பதிலும், அதனைச் சோதனைக்கு உள்ளாக்குகிறார் என்பதே பொருந்தும். மனு தள்ளப்படின், தள்ளிய காரணத்தை நீதிபதி எழுத வேண்டும். அக்காரணம் வருங்காலத்தவர் முன் தானே ஒரு சாட்சியாக நிற்கும். கோடீஸ்வரன் வழக்கை இன்றும் சட்ட மாணவர் கற்கின்றனர். விடையளிக்கப்படாத வினாவே அதன் பெருமை.

ஆயின், இக்கருத்துக்கு இரு வரம்புகள் உள்ளன. முதலாவது, வழக்காடும் கடமையைத் துயருற்றோர் மீது சுமத்த எமக்கு உரிமையில்லை. அச்சுறுத்தலுக்கு இடையே வாழும் ஒரு தாயை நோக்கி, சாட்சி சொல்லாதது உன் குறை என்பது கொடுமை. அவர் வாய்திறக்க விரும்பும் நாளில் துணைநிற்பதும், அதுவரை நாளையும் இடத்தையும் பெயரையும் பிழையறப் பதிந்து காப்பதும் கற்றோர் கடமை. இரண்டாவது, சட்டத்தின் துணையை நாடுவோர் அதனைப் பிறருக்கு மறுத்தல் ஆகாது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் முறைப்பாட்டைக் கேட்கச் செவியில்லாத நாவு, குமுதினிக்காக நீதி கேட்கும்பொழுது தளர்ந்தே ஒலிக்கும். தன் மைந்தனே குற்றவாளியாயினும் மணியோசைக்குச் செவிகொடுத்தான் என்பதன்றோ சோழன் கதையின் சாரம்!

தீர்ப்பு வருமா என்பது எம் கையில் இல்லை. தீர்ப்பு வரும் நாளில் கொல்லப்பட்டோரின் பெயர்கள் முழுமையாகவும் உண்மையாகவும் மன்றத்தின் முன் இருக்குமா என்பது எம் கையில் உள்ளது. குமுதினியில் உயிர் தப்பியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் கூறக்கூடியவற்றை அவர் வாழுங்காலத்திலேயே சட்டம் ஏற்கும் முறையில் எழுதி வைத்தல், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் உடனே தொடங்கக்கூடிய பணியாகும்.