எத்தனை பேர்?

போன வருஷம் நான் செய்த வீடியோ கேமை ஒரு போட்டிக்கு அனுப்பலாம் என்று விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், ஊர், கேமின் நீளம் எல்லாம் கடகடவென்று நிரப்பிவிட்டேன். ஒரு கேள்வியில் கை நின்றுவிட்டது. ‘உருவாக்கியவர்கள் எத்தனை பேர்?’ ஒருவர் என்றால் தனிப் பிரிவு, அதற்குத் தனிப் பரிசு.

‘1’ என்று போட என்னிடம் நியாயம் இருந்தது. மூன்று வருஷ வேலையில் கடைசி இரண்டரை வருஷம் நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். முதல் ஆறு மாதம் கூட இருந்த நண்பன் பாத்திரங்களையும் அவை நடக்கிற தெருவையும் வரைந்து கொடுத்தான். அப்புறம் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் வரைந்ததில் பாதியை நான் மாற்றியும் வரைந்துவிட்டேன். “நீயே வச்சுக்கடா, எனக்கு எதுக்கு” என்று அவனே சொல்லிவிட்டான். பிறகு ஏன் கை நிற்க வேண்டும்?

தனியாக கேம் செய்ய என்னென்ன தெரியணும் என்று தம்பிகள் கேட்பதுண்டு. நிரல் எழுதணும். வரையணும், அல்லது வரையத் தெரியாததை மறைக்கிற அளவுக்காவது வரையணும். ஒரு கதவு திறந்தால் என்ன சத்தம் வரணும் என்று காது சொல்லணும். வேறொருத்தர் விளையாடித் திணறும்போது, விளக்கம் சொல்லாமல் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கணும். இது நிரலைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலே, எதைச் செய்யாமல் விடுவது என்று தெரியணும். எங்க அப்பா தறியில் ஒரு பாவு ஏற்றினால் மூணு சேலை. பாவு தீர்ந்தால் வேலை தீர்ந்தது. கேமுக்கு அப்படிப் பாவு கிடையாது. எங்கே அறுப்பது என்று நாமேதான் முடிவு பண்ணணும்.

இத்தனையும் ஒரே ஆளுக்கு வருமா? வரும். 2016இல் வெளியான ‘ஸ்டார்டியூ வேலி’யின் நிரல், ஓவியம், இசை, எழுத்து எல்லாவற்றையும் எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்தார். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு புராணம் மாதிரி. ஆனால் அந்த வருஷங்களில் வீட்டுச் செலவைப் பெரும்பாலும் அவருடைய துணைவியின் வருமானம்தான் தாங்கியது. அவர் இதை மறைக்கவில்லை. கேட்கிற நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். 2015இல் வந்த ‘அண்டர்டேல்’ என்றால் டோபி ஃபாக்ஸ் என்கிறோம். அதன் ஓவியங்களில் பெரும் உழைப்பைக் கொடுத்த டெம்மி சாங் பெயர் கேமிலேயே இருக்கிறது. நம் வாயில்தான் இல்லை.

ஒரு கணக்கை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடணும். நெய்கிறவர் ஒருவர், கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர். இரண்டு நிற இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கிற இடம்தான் கோர்வை. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த இரண்டாவது இடத்தில், பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளை உட்காரவைத்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்தாள். கூலி நோட்டில் அப்பா பேர் மட்டும்தான். கேட்டால், “கூலி வீட்டுக்குத்தானே வந்துச்சு” என்பாள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். உதவினவர்களை எல்லாம் எண்ணத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? நான் பயன்படுத்திய கோடோ 2014இல் மூலநிரலோடு இலவசமாக வெளியானது. அதில் உலகம் முழுக்க எத்தனையோ பேரின் கை இருக்கிறது. அவர்களையும் எண்ணினால் உலகத்தில் ‘தனியாக’ என்ற சொல்லே மிஞ்சாது.

உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் கொடுத்தது வேறு, இந்தச் சேலைக்கென்று கொடுத்தது வேறு. தறி செய்த தச்சருக்கு நன்றி சொல்லலாம், அவர் இதை நெய்யவில்லை. கரை தள்ளினவர் நெய்தார். கோடோவைச் செய்தவர்களுக்கு என் கேம் இருப்பதே தெரியாது. நண்பனோ, என் கதாநாயகி எவ்வளவு உயரம், தெரு விளக்கு என்ன மஞ்சள் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்னோடு சண்டை போட்டவன். பாதியை மாற்றி வரைந்தேன் என்றேனே, அதையும் அவன் வைத்த அளவின் மேல், அவன் தேர்ந்த நிறத்தில்தான் வரைந்தேன். அவன் கையை உருவினால் என் கையும் சேர்ந்து வந்துவிடும்.

அவன் சம்மதித்துவிட்டானே? உரிமையை அவன் எனக்குக் கொடுக்கலாம். பரிசுப் பணத்தையும் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க அவனாலும் முடியாது. படிவம் யாருக்கு உரிமை என்று கேட்கவில்லை, எத்தனை பேர் செய்தீர்கள் என்றுதான் கேட்டது. அவனுடைய தாராளத்தை வாங்கி என் பொய்க்கு உறையாகப் போடப் பார்த்தேன். தனியாக வேலை செய்கிறவனுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைத் திருத்த ஆள் இல்லை. அதனால் சரியாக எண்ணுவதும் அவன் பழகவேண்டிய வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது.

‘2’ என்று போட்டு அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை. தனிப் பிரிவில் கிடைத்திருக்குமா என்று இன்றைக்கும் சில ராத்திரி யோசிப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுப்பிய அன்றைக்கு அவனுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “லூசாடா நீ, அந்தப் பரிசே போயிடுமேடா” என்று திட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வைக்கப் போகும்போது கேட்டான்:

“பேரு எப்படிடா போட்டிருக்க? இனிஷியலோட போட்டியா? அப்பா பாத்தா கேப்பாரு.”

போடவில்லை. அன்றைக்கு ராத்திரியே திறந்து சேர்த்தேன்.