துயர வேளையில் தையல் ஆகுமா?

உங்கள் வீட்டில் ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நீங்கள் வீட்டிலிருந்தபடி ஏதோ ஒரு கைவேலையில் ஈடுபடுகிறீர்கள். அதில் உங்கள் மனம் ஆறுகிறது. ஒரு கணம் மகிழ்ச்சிகூட எட்டிப் பார்க்கிறது. அது குற்றமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இக்கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆயினும் தம் மனச்சாட்சியிடம் இதைக் கேட்டு வருந்துவோர் பலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

சென்ற மார்கழியில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்திற்கு வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். இருபுறமும் பள்ளம் விழும் மலைமுதுகில், 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமர்ந்த ஊர் அது. பிற்பகலிலேயே மூடுபனி ஏறிவந்து லயத்தின் கூரைத் தகரங்களை மறைத்துவிடும். அந்த நேரத்தில் இஸ்தோப்பில் ஒரு பாட்டி கால்களை நீட்டி அமர்ந்து, மடியில் ஒரு துணிக்குவியலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒன்பது வயதுப் பேரன் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தான். ஆறுதல் சொல்லத்தான் நான் போனேன். சொல்லவேண்டிய வசனங்களைக்கூட வழியிலேயே தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. எனக்குச் சற்று மனத்தாங்கலாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

“பாட்டி, இந்த நேரத்துல தைக்க மனசு வருதா?” என்று கேட்டேவிட்டேன்.

“என்ன சாமி செய்ய? வாட்டுல ஒரு ஆளத்தான் நிக்க விடுறாங்க. அவன் ஆத்தா நிக்கிறா. நான் இங்க ஒக்காந்து அழுதா அவனுக்குக் காச்சல் எறங்கவா போகுது? செபமாலய எடுத்தா ரெண்டாம் பத்துலயே மனசு வாட்டுக்குப் போயிருது. இதுல அப்படி இல்ல. கண்ண எடுத்தா ஊசி கையில குத்திரும். அதுனால மனசு இங்கயே நிக்குது.”

தயாரித்து வந்த வசனங்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவர் அருகில் அமர்ந்து துணிகளைப் பார்த்தேன். பேரன் பிள்ளைக்காம்பராவுக்குப் போன காலத்துச் சட்டை ஒன்று. பாடசாலை வெள்ளைச் சட்டையின் கிழியாத முதுகுப்பகுதி. மகளின் பழைய சேலை, சாயம்போன திரைச்சீலை. இவற்றோடு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நிறுத்து வாங்கிய வெட்டுத்துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்துவிடப்படும் இத்துண்டுகள் கிலோக் கணக்கில் விற்கப்படுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் கைப்பிடி அளவு சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நைந்துபோன ஒரு கம்பளியின் மேல் பரப்பி, ஓட்டுத் தையலால் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் திரும்பி வரும்போது போர்த்திக்கொள்ள.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முன்னிரவில் நான் நூறு மைலுக்கு அப்பால், இப்பத்திரிகையின் அலுவலகத்தில் இருந்தேன். செபிக்க முயன்றேன், முடியவில்லை. எழுந்து, மறுநாள் தபாலுக்குப் போகவேண்டிய பிரதிகளை ஒவ்வொன்றாக மடித்து, விலாசத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினேன். மன்னார், மட்டக்களப்பு, அட்டன், பண்டாரவளை என்று ஊர்ப்பெயர்களைப் படித்துப் படித்து ஒட்டினேன். நள்ளிரவில் பார்த்தால் மனம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கண்டு நானே திடுக்கிட்டேன். தாய் சாவோடு போராடப் போகும் இரவில் பசை தடவி நிம்மதி அடைந்த மகன் எப்படிப்பட்டவன்? தாயார் பிழைத்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாக என்னுள் தங்கிவிட்டது.

முள்ளுக்குக் கூர் தீட்டியவர் பஸ்கால். 1662 இல் மறைந்த இந்தப் பிரெஞ்சு ஞானியின் ‘சிந்தனைகள்’ நூலை அம்பிட்டிய குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களில் எங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். சில மாதங்களுக்கு முன் தன் ஒரே மகனைப் பறிகொடுத்த ஒருவனை அதில் அவர் காட்டுகிறார். வழக்கு விவகாரங்களாலும் நொந்து, காலையில் கலங்கிக் கிடந்தவன் அவன். இப்போது கலக்கமே இல்லை. ஏன்? ஆறு மணி நேரமாக வேட்டைநாய்கள் துரத்திவரும் காட்டுப்பன்றி எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பதில் அவன் மூழ்கிவிட்டான். மனிதன் தன் நிலையை எண்ணாமலிருக்கத் தேடும் பராக்கே அவனுடைய பெரும் அவலம் என்பது பஸ்காலின் முடிவு. என் விலாசத் துண்டுகளும் அந்தப் பன்றிதானே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

புனித தோமஸ் அக்குவினாஸ் இவ்விடயத்தில் பஸ்காலைவிட இளகிய மனத்தவர். 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் முதற் பகுதி, 38 ஆம் வினாவில், துயரத்துக்கு மருந்து எது என்று அவர் ஆராய்கிறார். இன்பம், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் என்று சொல்லிவந்து, கடைசியில் உறக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். ஆம், குளியல்! இதற்கு அவர் சாட்சிக்கு அழைப்பது புனித அகுஸ்தீனாரை. தாய் மோனிக்கம்மாளை இழந்த துயரில் குளித்தும் அவருக்குத் துக்கம் தணியவில்லை. உறங்கி எழுந்தபின்தான் சற்றுத் தணிந்தது. உடலுக்கு நன்மை செய்வது மனத்தின் பாரத்தையும் குறைக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே தோமஸின் கருத்து. கைவேலையை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. மடத்துத் துறவிக்குச் சட்டை தைத்துக் கொடுக்க வேறு ஆள் இருந்திருக்கும்!

ஆனால் அந்த இஸ்தோப்பில் நான் கண்டது குளியலும் அல்ல, பன்றி வேட்டையும் அல்ல. வேட்டைக்காரன் மகனை மறந்தான். பாட்டி மறக்கவில்லை. எடுக்கும் துண்டு ஒவ்வொன்றிலும் பேரன் இருந்தான். இந்தச் சட்டையோடு வாய்க்காலில் விழுந்தான், இந்தச் சேலையில்தான் அவனுக்குத் தொட்டில் கட்டினோம் என்று அவர் சொல்லிக்கொண்டே தைத்தார். போர்வையின் நீளத்தை அவன் உயரத்துக்கு அளந்திருந்தார். கவலை அங்கேயே இருந்தது. ஆனால் மனம் தாங்கக்கூடிய சிறு சதுரங்களாக அது வெட்டப்பட்டிருந்தது. “பிள்ளை பிழைப்பானா?” என்ற கேள்விக்கு அவரால் விடை காண இயலாது. “இந்தச் சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் எதை வைப்பது?” என்ற கேள்விக்கு இயலும். பராக்கு என்பது நேசிப்பவரை விட்டு ஓடுதல். இதுவோ ஓடவும் முடியாமல், உதவவும் முடியாமல் இருக்கும் வேளையில், அவர் பக்கமாகவே அமர்ந்திருத்தல்.

உலகம் இதை முன்பும் கண்டிருக்கிறது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, சாங்கி சிறையில் பெண்களையும் சிறுவர்களையும் தனியே அடைத்தார்கள். கணவன் உயிரோடிருக்கிறானா, காயமுற்றானா என்று அறிய வழியில்லை. அப்போது எதெல் முல்வனி என்ற கனேடியப் பெண்மணியின் முயற்சியால், ஒவ்வொருத்தியும் ஆறு அங்குலச் சதுரத் துணியில் தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றைப் பூவேலை செய்து, பெயரையும் தைத்தாள். சதுரங்கள் 66 வீதம் இணைக்கப்பட்டு மூன்று போர்வைகள் ஆயின. ஆஸ்பத்திரியில் கிடந்த காயக்காரருக்கென்று அவை கொடுக்கப்பட்டன. மனைவி உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி அந்த வழியாகக் கணவனுக்கு எட்டக்கூடும் என்பது எதிர்பார்ப்பு. ஒரு போர்வை காயமுற்ற ஜப்பானியப் படையினருக்கென்றே தைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அதே 1942 இல் அமெரிக்காவின் அலபாமாவில், மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் இறந்த கணவனின் வேலைச் சட்டைகளையும் காற்சட்டைகளையும் பிரித்துப் போர்வை தைத்தார். அவனை நினைந்து, அதற்குள் போர்த்திப் படுப்பதற்காக. முழங்கால் தேய்ந்த அடையாளம்கூட அத்துணியில் தெரிகிறதாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டால் பெரிய தவறு செய்தவனாவேன். ஏழையின் பொறுமையைப் புகழ்வது எங்களைப் போன்ற பிரசங்கிகளுக்கு மிக எளிது. பையனுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சல். தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டுகளை வீங்கச்செய்து, இருதய வால்வுகளைக் கெடுக்கும் நோய் அது. தொண்டைப் புண்ணை உரிய காலத்தில் பெனிசிலினால் குணப்படுத்தினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில்தான் அது அதிகம் பரவும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் ஏழு பேர் படுக்கும் வீட்டுக்கு அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. முழங்கால் வீக்கத்தை வளரும் பிள்ளையின் வலி என்று எண்ணிப் பாட்டி எண்ணெய் தடவினார். டாக்டரிடம் கொண்டுபோகத் தாய்க்கு ஒரு நாள் வேலை போகவேண்டும். அரைப் பேர் போட்டாலே மாதக் கணக்குத் துண்டுவிழும் குடும்பம்; இரண்டு வாரம் கடந்தது. பாட்டி இதை அறிவார். “அப்பவே கொண்டு போயிருக்கணும் சாமி,” என்று சொன்னபோது மட்டும் தையல் நின்றது.

ஆகவே கைவேலையின் ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. செய்வதற்கு ஒன்றுமில்லாத வேளையில் அது வரம். செய்யவேண்டியது இருக்கும்போது அதே ஊசி ஒரு சாக்காகிவிடலாம். பாட்டியின் கையில் போர்வையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு, லயத்தைப் பற்றியும் தோட்ட வைத்திய வசதியைப் பற்றியும் வாய் திறவாமல் திரும்பும் விருந்தினருக்கும் அப்படித்தான். நானும் அன்று அப்படித் திரும்பியிருக்கக்கூடும். விலாசத் துண்டுகள் ஒட்டிய அந்த இரவிலோ நான் செய்யக்கூடியது வேறு எதுவும் இருக்கவில்லை. முள் இப்போது முன்போல் குத்துவதில்லை.

தை மாதம் மறுபடி போனேன். பையன் வந்திருந்தான். மெலிந்திருந்தான், ஆனால் தம்பியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தான். போர்வை முடிந்தபாடில்லை, ஒரு மூலை வெறுங்கம்பளியாகக் கிடந்தது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகளுக்கு, அவனுக்குப் பெனிசிலின் ஊசி போடவேண்டும். அடுத்த ஊசி எப்போது என்று பாட்டியைக் கேட்டேன். வெட்டுத்துண்டுப் பையைத் துழாவி, துணிகளுக்கு அடியிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பச்சைத் துணியில் உறை தைத்து அதற்குள் போட்டிருந்தார்.

“எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நீங்களே பாருங்க சாமி. 22 ஆம் திகதின்னு மக சொன்னா. சரியா?”

சரிதான். 22, காலை எட்டு மணி.