பாதுகாப்பு எவர்க்கு?

அரசு எதன்பொருட்டுத் தோன்றியது என்னும் வினாவுக்கு மெய்யியலாளர் பலவாறு விடை கூறியுள்ளனர். 1651 இல் ‘லெவயதன்’ என்னும் நூலை வெளியிட்ட தோமஸ் ஹொப்ஸ், ஒருவரையொருவர் அஞ்சி வாழும் மனிதர் அவ்வச்சத்தினின்றும் விடுபடும் பொருட்டே அரசுக்கு அடங்கி நடக்க உடன்படுகின்றனர் என்றார். இக்கருத்தை ஏற்போமாயின், உயிருக்குப் பாதுகாப்பளித்தல் அரசின் பல பணிகளுள் ஒன்றன்று. ஏனைய பணிகள் அனைத்துக்கும் அதுவே அடித்தளமாகும். ஆயின் அப்பாதுகாப்பு எவர்க்கு உரியது? பாதுகாப்பின் பெயரால், பாதுகாக்கப்பட வேண்டியவரின் உறைவிடத்தையே அழிக்கும் உரிமை காவலர்க்கு உண்டா? 1930களில் அமெரிக்க நகரமொன்றில் நிகழ்ந்தது இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்புகின்றது.

ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில் அமைந்தது கிளீவ்லண்ட் நகரம். உருக்குத் தொழிலால் வளம்பெற்ற இந்நகரை 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் கடுமையாகத் தாக்கியது. 1933 அளவில் ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். வாடகை செலுத்த வகையற்றோர் தகரத்தாலும் பலகையாலும் குடிசை அமைத்தனர். மந்தம் தொடங்கிய காலத்துச் சனாதிபதியின் பெயரால் ‘ஹூவர்வில்’ என ஏளனமாக அழைக்கப்பட்ட இத்தகைய குடியிருப்புகள் நாடெங்கும் தோன்றின. கிளீவ்லண்டில், புகையிரதப் பாதைகள் ஊடறுத்துச் செல்லும் கிங்ஸ்பரி ரன் என்னும் பள்ளத்தாக்கிலும் அவை இருந்தன.

1935 டிசம்பரில் இந்நகரின் பொதுப் பாதுகாப்புப் பணிப்பாளராக எலியட் நெஸ் என்பவரை நகர முதல்வர் ஹரல்ட் பேர்ட்டன் நியமித்தார். நெஸ்ஸுக்கு அப்போது வயது 32. மதுவிலக்குக் காலத்தில் சிக்காகோவில் அல் கப்போனின் கள்ளச் சாராய வாணிகத்தை எதிர்த்துப் புகழ்பெற்றவர் அவர். நகரின் பொலிஸ் படையும் தீயணைப்புப் படையும் அவர் பொறுப்பில் வந்தன. பொலிஸ் படையிற் புரையோடியிருந்த இலஞ்சத்தை அவர் ஆராய்ந்து, சான்றுகளை 1936 இல் அரச வழக்குத்தொடுநரிடம் ஒப்படைத்தார். அதிகாரிகள் சிலர் சிறை சென்றனர். பொலிசாருக்குப் பயிற்சிக் கல்லூரி அமைத்தார். ரோந்து வாகனங்களில் வானொலித் தொடர்பை விரிவாக்கினார். வீதி விபத்துகளைக் குறைக்க முனைந்து வெற்றியுங் கண்டார். வருவாய் குன்றிய நகரொன்றில் இவற்றைச் செய்தமை சிறிய சாதனையன்று.

அவர் திறமைக்கு அடங்காத தீமையும் ஒன்றிருந்தது. 1935 முதல் 1938 வரை அந்நகரில் 12 பேரேனும் கொல்லப்பட்டுத் துண்டிக்கப்பட்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்டனர். கொல்லப்பட்டோருட் பெரும்பாலோரின் பெயர்தானும் அக்காலத்தில் அறியப்படவில்லை. அவர்களைத் தேடி வருவோர் இல்லாமையே கொலைஞனுக்கு வாய்ப்பாயிற்று. 1938 ஆகஸ்ட் 16 ஆம் நாள் மேலும் இரு உடல்கள் காணப்பட்டன. இரு நாட்களின் பின், 18 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், நெஸ் பொலிசாருடன் குடிசைப் பகுதிகளுட் புகுந்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர்; அவர்களின் விரலடையாளங்கள் எடுக்கப்பட்டன; குடிசைகள் தீக்கிரையாக்கப்பட்டன. கொலைஞன் அகப்படவில்லை. அவ்வழக்கு இன்றளவும் துலங்காததாகவே உள்ளது.

இச்செயலுக்குச் சார்பாகக் கூறத்தக்கவற்றையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். ஆபத்து கற்பனையானதன்று. குடிசைவாசிகளே கொலைஞனுக்கு இரையாகக்கூடியவர். அவர்களை அவ்விடத்தினின்றும் அகற்றுதல் அவர்தம் உயிரைக் காத்தலேயாகும் எனலாம். பொலிசார் கணக்கிற் சேர்ந்த கொலைகள் அதன்பின் தொடரவில்லை என்றும் சிலர் சுட்டுவர். ஆயினும் ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை மட்டுமே முன்னது பின்னதற்குக் காரணம் என்பதை நிறுவாது. பயன் விளைந்ததென்றே கொள்ளினும், அப்பயனுக்கு எவர் விலை கொடுத்தனர் என்னும் வினா எஞ்சி நிற்கும்.

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட ‘சுதந்திரம்’ பற்றிய நூலில் எடுத்துக்காட்டொன்று உளது. பழுதுற்ற பாலமொன்றைக் கடக்க ஒருவன் முற்படுகின்றான். எச்சரிக்க நேரமில்லையாயின் அவனைப் பற்றி நிறுத்தலாம். ஏனெனின் ஆற்றில் வீழ்தல் அவன் விருப்பமன்று. கிங்ஸ்பரி ரன் மக்களோ தம்மைச் சூழ்ந்த ஆபத்தை அறியாதவரல்லர். வேறு போக்கிடம் இன்மையாலேயே அங்கு தங்கினர். பாலத்தைக் கடப்பவனை நிறுத்துவோன் மறுகரை சேர வேறு வழி காட்டுதல் வேண்டும். புகலிடம் அமைத்து அதன்பின் குடிசையை நீக்கியிருப்பின் அது காவலாகும்; குடிசையை எரித்துக் குடியிருந்தோரைத் தடுத்து வைத்தமை தண்டனையேயாகும். குற்றமிழைத்தவன் அகப்படாதபோது, குற்றத்துக்கு இலக்காகக்கூடியவர் அத்தண்டனையைப் பெற்றனர். எடுக்கப்பட்ட விரலடையாளங்கள், பின்னர் எவரேனும் கொல்லப்படின் உடலை இனங்காண உதவும் எனவும் கருதப்பட்டன. உயிரோடிருப்பவனுக்கு இல்லம் தர இயலாத நிருவாகம், அவன் பிணத்துக்குப் பெயர்தர ஆயத்தமாயிற்று.

இச்செயலைப் புரிந்தவர் கயவரல்லர் என்பதே நாம் ஈண்டுச் சிந்திக்க வேண்டியது. நெஸ் இலஞ்சத்துக்கு விலைபோகாதவர். அறத்தைத் தனிமனிதனின் தூய்மையாக மட்டும் காண்போர்க்கு இது புதிராகவே தோன்றும். ஆயின் இலஞ்சம் ஏன் தீது? பொதுவில் அனைவர்க்கும் உரிய காவலைக் கொடுக்க வல்லார்க்கு மட்டும் அது விற்பதனால் அன்றோ? அங்ஙனமாயின், முகவரி உடையார்க்கு ஒரு நீதியும் முகவரியற்றார்க்கு வேறொரு நீதியும் வழங்கும் காவலும் அதே தீமையின் மற்றொரு வடிவமே. கை தூயதாயிருத்தல் வேண்டும், அது போதுமானதன்று. அக்கை எவரை நோக்கி நீள்கின்றது, எவரைத் தவிர்க்கின்றது என்பதையும் அறம் வினவும். செல்வர் வாழும் வீதியில் இக்கொலைகள் நிகழ்ந்திருப்பின் அவ்வீதியின் இல்லங்களுக்கு எவரும் தீ வைத்திரார். ஒருவர்மீது செய்யத் துணியாததை மற்றொருவர்மீது அவர்தம் நன்மைக்கெனச் செய்யும்போது, அந்நன்மை எனும் சொல் ஐயத்துக்குரியதாகின்றது.

‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் தொடரில் பாதுகாப்பு என்பதன் பொருளை நிருவாகிகள் நன்கறிவர்; ‘பொது’ என்பதன் பொருளையே மறந்துவிடுகின்றனர். வறுமை பெருகும் காலத்தில் அச்சொல்லின் எல்லை சுருங்குகின்றது. வரி செலுத்துவோர் மட்டுமே பொதுமக்கள் ஆகின்றனர். ஏனையோர் ஆபத்தின் பகுதியாகக் கொள்ளப்படுகின்றனர். ஹொப்ஸ் கூறிய உடன்படிக்கை அக்கணமே அவர்களைப் பொறுத்தவரை முறிந்துவிடுகின்றது; ஏனெனின் அச்சத்தைப் போக்க வந்த அரசே அவர்களுக்கு அச்சமாகிவிடுகின்றது. ஒரு நகரின் காவல் நீதியானதா என அறிய விரும்புவோர் குற்றங்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்கின் போதாது. அந்நகரில் யாதுமற்ற ஒருவன், நள்ளிரவில் காவலரின் காலடி ஓசை கேட்டு ஆறுதல் அடைகின்றானா, எழுந்து ஓடுகின்றானா என்பதையும் நோக்குதல் வேண்டும்.