தந்தையை அறிதலும் தந்தையாதலும்

முன்னுரை

தன்னைப் பெற்ற தந்தை யாரென்று அறியாது வளர்ந்த ஒருவர், வயதுவந்தபின் அவரைத் தேடிச் செல்வதுண்டு. அவ்வாறு தேடுவோர் எதனை உரிமையாகக் கேட்கலாம், கண்டறியப்பட்ட தந்தை எதற்குக் கடமைப்பட்டவர் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தந்தையும் தாயமும்

பாறசாலை, பெருங்கடவிளை முதலிய ஊர்களைக் கொண்ட நெய்யாற்றின்கரைப் பகுதி 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் கேரளத்தோடு நின்றது; அதனை அடுத்துள்ள விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. இவ்வெல்லைக்கு இருபுறத்தும் சில சமூகங்களில் மருமக்கள்தாயம் நிலவிவந்தது. ஒருவரின் சொத்து அவர் மகனைவிட உடன்பிறந்தாள் மகனையே பெரிதும் சேர்ந்தது. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே இம்முறையால் மனைவியும் மக்களும் உற்ற துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் ஒரு மனைவியின் கூற்றாகவே அமைத்தார்.

1729இல் மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறியதும் இத்தாயமுறைப்படியே ஆகும். முந்தைய அரசரின் மக்களாகிய தம்பிமார் அவரை எதிர்த்தனர். பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மர் நெய்யாற்றின்கரைக் கோயிலிலுள்ள அம்மச்சிப் பிலாவின் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. தம்பிமாருக்குத் தந்தை யாரென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களுக்கு ஆட்சியுரிமை கிட்டவில்லை. எனவே தந்தையை அறிதல், தந்தைவழி உரிமை பெறுதல், தந்தையோடு உறவு கொள்ளுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பது பெறப்படும்.

சட்டமும் உண்மையும்

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமணம் நிலைத்திருக்கையில் பிறந்த குழந்தையைக் கணவனின் குழந்தையாகவே கொண்டது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் இவ்விதியைத் தொடர்கிறது. குழந்தைக்குப் பழி நேராமல் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அக்குழந்தை வளர்ந்து தானே உண்மையைக் கேட்கும்போது, காவலாக எழுந்த விதியே தடையாகவும் மாறிவிடுகிறது.

ரோகித் சேகர், முன்னாள் முதலமைச்சர் என்.டி. திவாரியே தம் தந்தை என அறிவிக்கக் கோரி 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2012 சூலையில் வெளியான மரபணுச் சோதனை முடிவு அதனை உறுதிசெய்தது. எனினும் திவாரி அவரை மகனாக வெளிப்படையாக ஏற்றது 2014இல்தான். மாறாக, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் சோதனைக்கு இசையவில்லை. கருவுற்ற காலத்தில் கணவனும் மனைவியும் கூடுதற்கு வாய்ப்பின்மை மெய்ப்பிக்கப்படவில்லை என்பதோடு, தந்தையெனச் சுட்டப்பட்டவரின் தனியுரிமையும் அங்கு எண்ணப்பட்டது.

கடமையின் எல்லை

தனியுரிமை மதிக்கத்தக்கதே. பொய்யான குற்றச்சாட்டால் ஒருவரின் குடும்பம் குலையலாம். தாயின் கடந்தகாலம் ஊரறிய அலசப்படலாம். ஆகவே எல்லோரையும் சோதனைக்கு உட்படுத்த இயலாது. ஆனால் நீதிமன்றம் வற்புறுத்தாமை வேறு, தந்தை வாய்திறவாமை வேறு. தன் செயலால் ஓர் உயிர் பிறந்ததென அறிந்தவர், அவ்வுயிரிடமிருந்தே அச்செய்தியை மறைப்பதற்குத் தனியுரிமையைச் சான்றாகக் காட்டுதல் அறமாகாது. குடும்ப நோய் வரலாறும் மணத்திற்கு விலக்கான உறவும் அறிய வேண்டியவை. இவற்றினும் மேலாக, தன்னைப் பற்றிய உண்மை ஒருவருக்கு உரிய பொருளாகும்.

அதே வேளையில் தேடுவோரின் உரிமைக்கும் எல்லையுண்டு. அன்பைக் கடனாக வசூலிக்க இயலாது. தாய் தானாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பதும், அவளைக் குற்றவாளியாக்காது வினவுவதும் மகவின் கடன். பெறுதலும் புறந்தருதலும் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும் உரிய கடமைகள் எனப் புறநானூற்றில் பொன்முடியார் வகுப்பார். அவர் தந்தைக்குச் சுட்டுவது பிறப்பித்தலை அன்று, ஆக்குதலையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வாறாயின் வளர்த்தவரின் இடம் தேடலின் முடிவால் அழிவதில்லை.

முடிவுரை

தேடிவரும் மகவுக்குத் தந்தை தவறாது செலுத்த வேண்டிய கடன் உண்மை. அதனைச் செலுத்தியபின் உறவு மலர்வதும் மலராததும் இருவர் விருப்பத்தைப் பொறுத்தது. உண்மையை மறுப்பவர் அவ்விருப்பத்திற்கான வாய்ப்பையும் மகவிடமிருந்து பறித்துவிடுகிறார் எனலாம்.