மாடியில் விளைந்த யூனிட்

பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் 34,236 ரூபாய். நான் கடன் வாங்கித் திருப்பித் தராத பணம் இல்லை, பயப்படாதீர்கள். அவருக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்த பணம்.

திருமுல்லைவாயலில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாக மொட்டைமாடியில் சோலார் போட்டவர் அவர்தான். 2023-ல், 3 கிலோவாட். அப்போது மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 14,588 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 43,764. தெருவே போய் வேடிக்கை பார்த்தது. நானும் போனேன், காபி குடித்தேன், ‘யோசிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். என் யோசனை வழக்கம்போல் மாதக்கணக்கில் ஓடியது. அதற்குள் 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து, அதே 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ஆகிவிட்டது. உடனே போட்டேன். சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குச் சன்மானம் கிடைத்தது.

“அப்ப முதல்ல செஞ்சவன் முட்டாளா சார்?” என்றார் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நியாயமான கேள்வி. பைபிளில் திராட்சைத் தோட்டக் கூலிக்காரர்கள் கதை ஒன்று வரும். காலையிலிருந்து வெயிலில் வெந்தவனுக்கும், சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுப்பார். அதற்கே அங்கே பெரிய முணுமுணுப்பு. எங்கள் தெருவில் சாயங்காலம் வந்தவனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது நம்மூர் சமாசாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ‘ஹீட் பம்ப்’ என்று ஒன்றை வீடுகளில் வைக்கிறார்கள். பயந்துவிட வேண்டாம், நம் ஏ.சி.யைத் திருப்பிப் போட்டதுதான். ஏ.சி. வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இது குளிர்காலத்தில் வெளியே இருக்கும் கொஞ்சநஞ்ச சூட்டையும் வாரிக்கொண்டு வந்து உள்ளே போடுகிறது. எரிபொருளை எரித்து சூடு உண்டாக்குவதில்லை, இருக்கும் சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. அதனால் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. இதை வைப்பவர்களுக்குச் செலவில் 30 சதவிகிதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரிச்சலுகை என்று 2022-ல் சட்டம் போட்டார்கள். 2032 வரை உண்டு என்றார்கள். 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்து, அந்த டிசம்பர் 31-தான் கடைசி என்று சொல்லிவிட்டது. டிசம்பர் 31 மாலை மெஷின் ஓட ஆரம்பித்திருந்தால் 2,000 டாலர் வரை உண்டு. மறுநாள் காலை என்றால் பூஜ்யம். அங்கே பிந்தியவனுக்கு நஷ்டம், இங்கே முந்தியவனுக்கு நஷ்டம். இரண்டு பேருமே செய்தது ஒரே காரியம்.

நான் மதில்மேல் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். “மானியத்தைப் பரிசுன்னு நினைக்கறதாலதான் சார் வருத்தம். அது தூண்டில் புழு. மீன் ஏற்கெனவே கூடையில விழுந்திருச்சுன்னா அதுக்கு யாராவது புழு போடுவானா? நீங்க பரிசுக்காகவா சோலார் போட்டீங்க?” அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எழுபத்தெட்டாயிரம் வாங்கினவன் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

என் பிரசங்கத்துக்கு நிஜமான பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. என் வீட்டு மாடியிலிருந்து.

மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே கனெக்‌ஷன்; மாடிக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறேன். இதில் ஒன்றும் புதுமை இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாடகைக்கு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தரப்பிலும் ஒரு காரணம் சொல்வோம்: இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் ரேட் ஏணிப்படி மாதிரி ஏறும். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 2016 மே 23-ம் தேதி, ஜெயலலிதா மறுபடி முதல்வராகப் பதவியேற்ற அன்றே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டாரே, அது கனெக்‌ஷனுக்கு. குடும்பத்துக்கு அல்ல. அந்த 100 என் கணக்கில்தான் கழிந்தது. மாடிக்கு ஏறியதே இல்லை.

அவர் ஒருநாள் வாடகை கொடுக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். “சார், சோலார் போட்டுட்டீங்களே… கரண்ட் ரேட்டு ஏதாவது…”

“மேல பலகை வந்ததுல வெயில் நேரா விழறதில்ல, உங்க ரூம் சூடு குறைஞ்சிருக்குமே?” என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை. அவர், “ஆமா சார், பரவால்ல சார்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “நம்ம பில்லு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களா?”

“என் பணத்தில் போட்டது” என்றேன்.

“எல்லாமா?”

எல்லாம் இல்லை. மொத்தச் செலவு ஏறக்குறைய இரண்டு லட்சம். என் பங்கு 1,22,000. மிச்சம் ஊரார் பணம். அந்த ஊராரில் மாடிக்காரரும் உண்டு. சோப்பு, பிஸ்கட், பையனின் செருப்பு என்று வாங்குகிற எல்லாவற்றுக்கும் வரி கட்டுகிறார். சொந்தக் கூரை இல்லாததால் அவர் இந்தத் திட்டத்தில் சேர வழியே இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவனுக்கு ஊக்கத்தொகை என்கிறார்கள். அவர் வீட்டில் இரண்டு ஃபேன், மூன்று பல்ப், ஒரு டி.வி., ஒரு மிக்ஸி. எதைக் குறைத்து எந்த ஊக்கத்தொகையை வாங்குவார்? நான்தான் சோலார் வந்த தைரியத்தில் பகலிலும் ஏ.சி. போடுகிறேன். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865-லேயே எழுதினார்: நீராவி எந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்க எரிக்க, நாடு எரிக்கும் நிலக்கரி கூடத்தான் செய்யும் என்று. அவர் என் படுக்கையறையைப் பார்க்காமலே சொன்னது.

“பகல்ல அவங்க வீட்டுல ஆளே இல்லையே, சூரியன் கரண்ட்டு அவங்களுக்கு எதுக்கு?” என்று கடைசியாக ஒன்றை வீசிப் பார்த்தேன்.

“பகல்ல மிஞ்சறது லைனுக்குப் போய் ராத்திரி கணக்குல கழியுதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க?”

பேப்பரில் கணக்குப் போட்டேன். என் பங்கு நூற்றுக்கு 61. எட்டு ரூபாயில் 61 சதவிகிதம் 4 ரூபாய் 88 காசு. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “நியாயத்தைக் காசு சுத்தமா எடை போடறீங்களே, கீரைக்காரிகிட்ட மாதிரி” என்றாள். அவள் மூன்று ரூபாய் என்கிறாள்.

இந்தக் கணக்கு எப்படியோ மதிலைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சப்-மீட்டர் ரீடிங் எடுக்கப் போனபோது, மூன்று மாத மௌனத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே கூப்பிட்டார். அவர் வீட்டிலும் மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது.

“சார், நீங்க ரேட்டைக் குறைக்கப் போறதா கேள்விப்பட்டேன். நீங்க குறைச்சா எங்க வீட்டுலயும் கேப்பாங்க. நீங்க எழுபத்தெட்டு வாங்கினீங்க, உங்களால முடியும். நான் வாங்கினது நாப்பத்தி மூணு சார்.”

ரீடிங் 112 யூனிட். நோட்டில் ‘112 X’ என்று எழுதியிருக்கிறேன். இன்று புதன்கிழமை.