மழைக்காலத்து முன்பணம்

காஞ்சிபுரத்தில் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் மழை வலுத்தால் முதலில் நீர் நிறைவது தறிக்குழிதான். நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் குழி அது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் இதைக் கண்டோம். நீர் வடிந்தாலும் உடனே வேலை தொடங்காது. சாயமிட்ட பட்டு உலர வெயில் வேண்டும். தெருவில் பாவு நீட்டச் சேறில்லாத தரை வேண்டும். அதனால் நெய்பவருக்கு மட்டுமன்றிச் சாயக்காரருக்கும் நூல் சுற்றும் பெண்களுக்கும் சேர்ந்தே கூலி நின்றுவிடுகிறது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது குழி காய்ந்துதான் இருந்தது. கல்யாணங்கள் தள்ளிப்போனதால் சேலை கேட்பாரில்லை.

இத்தகைய நாட்களில் முதலாளி முன்பணம் கொடுக்கிறார். 'கஷ்ட காலத்தில் கை கொடுத்தோம், நன்மைதானே' என்று அவர் மனம் சொல்கிறது. இது நன்மைதானா என்பதை மார்க்கத்தின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது நம் கடமை.

முன்பணம் இருவகைப்படும். நெய்யப் போகும் சேலைக்குரிய கூலியை முன்கூட்டியே கொடுப்பது ஒன்று. சேலைக்குச் சேலை அது கழிந்து தீர்ந்துவிடும், இதில் குற்றமில்லை. மற்றொன்று, 'இது தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது, நான் சொல்லும் கூலிக்கே நெய்ய வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் கடன். வட்டி என்ற சொல்லே அதில் இராது. ஆனால் கடன் கொடுத்தவர் நிபந்தனை போட்டு எந்த ஆதாயத்தைப் பெற்றாலும் அது வட்டியே என்பது ஃபிக்ஹு நூல்களில் நாம் படித்த சட்டமல்லவா? குறைந்த கூலிக்கு ஒருவரைக் கட்டிவைப்பது ஆதாயமில்லாமல் வேறென்ன? இத்தகைய கடனுக்காகப் பிள்ளைகளும் தறியில் உட்கார்ந்த காலம் இவ்வூருக்கு உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தும் அது உடனே ஓய்ந்துவிடவில்லை.

உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரை அண்ணலார் (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது அபூதாவூதில் இருக்கிறது. அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் குவளையையும் வரவழைத்து, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹம் வீட்டாரின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. அதற்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பும் பொருத்தி, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கோடரி முழுக்க முழுக்க அவருடையது. யாருக்கும் கடன்பட்டு வாங்கியதன்று. பதினைந்து நாளில் பத்து திர்ஹம் சம்பாதித்து அவர் திரும்பி வந்தார்.

ஜமாஅத்துகள் வெள்ள நிவாரணமாக அரிசியும் போர்வையும் கொடுக்கின்றன. அது வேண்டியதுதான். கூடவே, குழியைச் சீர்செய்யவும் நனைந்து கெட்ட பாவுக்குப் பதில் பாவு வாங்கவும் ஸதகாவிலிருந்து கொடுத்தாலென்ன? நெய்பவர்களில் பெரும்பாலோர் மாற்று மதத்தவராயிற்றே என்று தயங்க வேண்டாம். உபரியான தர்மத்துக்கு அந்தத் தடையில்லை. நம் பெண்மக்களின் நிகாஹ் பட்டும் அவர்கள் கைப்பட்டு வந்ததே.

ஏற்கெனவே கடன் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு அல்-பகராவின் 280-ஆம் வசனம் வழி காட்டுகிறது: கடன்பட்டவர் சிரமத்திலிருந்தால் அவகாசம் கொடுக்க வேண்டும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட மேல். கடனை எழுதிவைப்பது பற்றிய 282-ஆம் வசனமோ, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவரே என்கிறது. தறிக்காரரின் கணக்கு நோட்டு இன்று யார் வீட்டில் இருக்கிறது, அதில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியுமா என்று கொடுத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.